பெயர் சொல்லி ஜெபிக்கும் வீடு

தாலுகா கச்சேரியில் முப்பத்திரண்டு வருஷம் இருந்து சிரஸ்தாராக ஓய்வு பெற்றவன் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தால் அது சபைக்குத்தான் ஆபத்து. திருநெல்வேலிச் சீமையில் உள்ள எங்கள் ஊர்ச் சபைக் கமிட்டி இதை இரண்டே கூட்டத்தில் கண்டுகொண்டது. மலாயாவுக்குப் பிழைக்கப் போன நம் ஜனங்கள் அங்கே குடும்ப ஜெபம் நடத்துகிறார்களா, எளியவர்களை விசாரிக்கிறார்களா என்று நேரில் பார்த்து ஆறு தலைப்பில் அறிக்கை தர வேண்டும் என்று தீர்மானம் போட்டு, ஏகமனதாக என்னைக் கப்பல் ஏற்றினார்கள். என் தங்கை ரூத் ஜொகூரில் இருந்தது அவர்களுக்கு வசதியாகப் போயிற்று. அவள் புருஷன் சாமுவேல், பாலோவிலிருந்து எட்டு மைல் உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்துக் கட்டுப் போடும் டிரெஸ்ஸர். ரப்பர் விலை விழுந்து, தோட்டங்களில் ஆள் குறைத்துக்கொண்டிருந்த சமயம் அது.

பாலோ ஸ்டேஷனில் நான் இறங்கியபோது மத்தியானம். மழை. நம் ஊரில் மழை வருவதற்கு முன் நாலு பேர் அதைப் பற்றிப் பேசுவார்கள். மேகம் கூடும், கலையும், மறுபடி கூடும். ஜொகூர் மழைக்கு இந்தப் பூர்வாங்கம் எதுவும் கிடையாது. வருகிறது, வேலையை முடிக்கிறது, போய்விடுகிறது.

பிளாட்பாரத்தின் கோடியில் சாக்கு விரித்து ஒரு ஆள் படுத்திருந்தான். ஒரு கால் முழங்கால் வரை பழந்துணியால் சுற்றியிருந்தது. ஈக்கள் துணிக்கு வெளியேயும் உள்ளேயும் போய் வந்தன. ஸ்டேஷன் மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர். நான் கேட்காமலே தம் கட்சியைச் சொன்னார்: "உவர் மூண்டு நாளா உதிலதான் கிடக்கிறார் ஐயா. டிக்கெட் காலாவதி. ஏத்தினால் என்ர பிழை, துரத்தினால் பாவம். நான் என்ன செய்யிறது?"

அவர் சொன்னது முழுக்க நியாயம். எனக்கும் அது அதிகார எல்லைக்கு அப்பாற்பட்ட விஷயம். குடையை விரித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

ஸ்டேஷனுக்கு எதிரே கீழக்கரை மீரா காக்காவின் சாப்பாட்டுக் கடை. டின் பால் ஊற்றிய டீயும், சுட்ட ரொட்டியும், மீன் குழம்பும் கிடைத்தன. ரொட்டியை மீன் குழம்பில் தோய்த்துத் தின்பது என்று எங்கள் ஊரில் யாரும் யோசித்ததில்லை, யோசித்திருக்கலாம். பிறகு தோட்டத்துப் பால் லாரியில் ஏறினேன். பால் என்றால் ரப்பர்ப் பால். முதல் இரண்டு மைலில் லாரி சேற்றில் புதைந்தது. எல்லோரும் இறங்கித் தள்ளினார்கள். நான் வயதைக் காரணம் காட்டி மேற்பார்வை பார்த்தேன்.

ரூத் மரவள்ளிக் கிழங்கும், நெத்திலிச் சம்பலும், பெலாச்சான் போட்ட கீரையும் வைத்திருந்தாள். பெலாச்சான் என்பது இறாலை இடித்து வெயிலில் காயவைத்த கட்டி. அதன் வாசனை வீட்டுக்கு முன்பே நம்மை வந்து வரவேற்கும். இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலை ஐந்து மணிக்குள் குடும்ப ஜெபம். ஐந்தரைக்குப் பெரட்டு, அதாவது ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவது. அதற்குள் முடிய வேண்டும். பால்வெட்டுக்காரர்களில் நம் ஜனங்கள் ஒன்பது பத்துப் பேர் வந்து பாயில் உட்கார்ந்தார்கள். ரூத் ஒரு சங்கீதம் வாசித்தாள். அப்புறம் ஒவ்வொருவராக ஜெபித்தார்கள். இதை ஜெபம் என்று சொல்ல எனக்குக் கொஞ்சம் தயக்கம். எஸ்தர் என்ற பெண் சொன்னது இவ்வளவுதான்: "ஆண்டவரே, வெள்ளச்சி. வயித்து வலி. ஆமென்." பக்கத்தில் இருந்தவர், "பத்தாம் காம்பரா முத்தன். குடிக்கிறான். ஆமென்" என்றார். காம்பரா என்றால் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் அறை. தந்தி கொடுக்கிறவர்கள்கூட இன்னும் நாலு வார்த்தை சேர்ப்பார்கள்.

விருந்தாளி என்று என்னையும் ஜெபிக்கச் சொன்னாள். முறையாக ஒரு ஜெபம் எப்படி இருக்கும் என்று காட்ட எனக்கும் ஆசை. ஸ்தோத்திரம், பாவ அறிக்கை, சக்கரவர்த்தி, கவர்னர், இந்த ராஜ்யத்து சுல்தான், கடல் கடந்த மிஷனெரிமார், விதவைகள், திக்கற்றோர் என்று வரிசை தவறாமல் வந்து, முடிக்கும் இடத்தில் அலங்காரமாக, "பாலோ ஸ்டேஷனில் காலில் புண்ணோடு படுத்திருக்கிற அந்த மனுஷனையும் நினைத்தருளும்" என்று சேர்த்தேன். அது நன்றாக அமைந்துவிட்டது என்றுதான் அப்போது நினைத்தேன். கண்ணைத் திறந்தபோது பாயில் பாதிப் பேர் இல்லை. பெரட்டுக்குத் தப்பு மேளம் அடித்ததும் ஓடிவிட்டார்கள்.

ரூத் பாயைச் சுருட்டினாள். "அண்ணே, பால் லாரி ஏழு மணிக்குப் பாலோவுக்குப் போவுது" என்றாள்.

"நான் எதுக்குப் போகணும்?"

"பேரைச் சொல்லி ஜெபிச்சீங்களே."

"பேர் எங்கே சொன்னேன்? அவன் பேரே எனக்குத் தெரியாது."

"அதைத்தான் போய்க் கேட்டுட்டு வாங்க."

அந்த வீட்டுச் சட்டத்தைச் சாமுவேல் எனக்கு விளக்கினார். ஜெபத்தில் யாரைச் சொல்கிறோமோ அவரைப் பொழுது சாய்வதற்குள் நேரில் போய்ப் பார்த்துவிட வேண்டும். "முதல்ல நாங்களும் உங்களை மாதிரிதான் மச்சான், நோயாளிகள் எல்லாருக்கும்னு மொத்தமா ஜெபிச்சோம். நான் குளுவாங் டவுனுக்குப் போயிருந்த சமயம் நாலாம் காம்பராவுல ஒருத்தி காய்ச்சல்ல செத்துட்டா. அவளுக்காகவும் சேர்த்துத்தான் அன்னைக்கு ஜெபிச்சிருக்கோம். ஆனா யாரும் எட்டிப் பார்க்கலை. அதுக்கப்புறம் ரூத் போட்ட சட்டம் இது." ஜெபங்கள் ஏன் அவ்வளவு குட்டை என்று விளங்கியது. ஒரு பெயருக்குமேல் சொன்னால் பகல் போதாது.

சாமுவேலுக்கு வார்டில் வேலை. எனவே ஒரு பாட்டில் மருந்துத் தண்ணீர், பஞ்சு, கட்டுத் துணி, செய்முறை எல்லாம் என்னிடம் கொடுத்து அனுப்பினார். அவன் அதே சாக்கில் இருந்தான். தலைமாட்டில் டீ குடித்த டின் ஒன்று. மூன்று நாளும் காலையும் மாலையும் டீயும் ரொட்டியும் அனுப்பியது மீரா காக்கா என்று பிறகு தெரிந்தது. அதை யாரும் அவருக்குச் சட்டமாகப் போடவில்லை.

காக்கா வெந்நீர் கொடுத்தார். துணியை அவிழ்த்தேன். நான் முப்பத்திரண்டு வருஷம் காகிதத்தைத் தவிர எதையும் தொட்டு உத்தியோகம் பார்த்தவன் அல்ல. முகத்தைத் திருப்பிக்கொண்டு மூன்று தரம் கழுவினேன். "ஐயா, மூஞ்சைத் திருப்பிக்கிட்டா தண்ணி சாக்குலதான் ஊத்தும்" என்றார் காக்கா. அதன் பிறகு பார்த்தபடியே கழுவினேன்.

அவன் பெயர் பெரியண்ணன், சேலத்துப் பக்கம். லாயாங் லாயாங் அருகே ஒரு தோட்டத்தில் பால் வெட்டினான். கால் புண் ஆறவில்லை என்று வேலையிலிருந்து சீட்டுக் கிழித்து, ஊருக்குத் திருப்பி அனுப்பும் ஆட்களின் பட்டியலில் சேர்த்து, கப்பல் துறை வரை ரயில் பாஸ் கொடுத்துவிட்டார்கள். அவன் மனைவி அஞ்சலை பத்து பாகாட் ஊருக்குப் போகும் ரோட்டில் ஒரு தவுக்கேயின், அதாவது சீன முதலாளியின், தோட்டத்தில் வேலை செய்கிறாள். கப்பலுக்குப் போகுமுன் குளுவாங்கில் இறங்கி அவளிடம் போக நினைத்தவன், காய்ச்சலில் தூங்கிப் பாலோவில் கண் விழித்திருக்கிறான். இடையில் இறங்கினால் பாஸ் செல்லாது, அது விதி. பாஸில் அவனை மணமாகாதவன் என்று அந்தத் தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணி எழுதியிருந்தார். அது பிழை.

பிழையைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. கால் புண்ணை என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது. ஆவணத்தில் பிழை இருந்தால் என்ன செய்வது என்று தெரியும். அவனை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தேன். வெளித் தோட்டத்து ஆளை வார்டில் சேர்க்க மேனேஜர் துரை விடமாட்டார். ஆகவே சாமுவேல் அவனை வார்டுக்கு வெளியே விறகுக் கொட்டகையில் படுக்கவைத்தார். துரை அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் வேறு திசையைப் பார்த்தார் என்பதையும் எழுதிவைக்க வேண்டும்.

நான் உட்கார்ந்து தொழிலாளர் இலாகா துரைக்கு இங்கிலீஷில் பதினோரு பாராவில் ஒரு மனு எழுதினேன். மனைவி பெயரையும் பட்டியலில் சேர்த்து, தம்பதியை ஒரே கப்பலில் ஊருக்கு அனுப்பிவைக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஒவ்வொரு பாராவையும் தமிழில் பெரியண்ணனுக்குச் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் "சரிங்க" என்றான். கட்டைவிரல் ரேகை வைத்தான். அன்றைய தபாலிலேயே போயிற்று.

அடுத்த நாள் ஜெபத்தில் ஜாக்கிரதையாக இருந்தேன். சக்கரவர்த்தியின் ஆரோக்கியத்துக்காக மட்டும் விண்ணப்பம் செய்து ஆமென் சொன்னேன். ரூத் கண்ணை மூடியபடியே, "அவரை இன்னைக்குப் போய்ப் பார்க்க முடியாதே அண்ணே, கிட்ட இருக்கிற ஆளாச் சொல்லுங்க" என்றாள். பாயில் யாரோ சிரித்தார்கள். முழங்காலில் நின்றபடி யோசித்தேன். கிட்ட இருக்கிறவர்கள் எல்லாம் மற்றவர்களால் முன்பே எடுக்கப்பட்டிருந்தார்கள். நேற்று முழுவதும் அவன் வலியில் முனகிய ஒரு பெயர்தான் மிச்சம். "அஞ்சலை" என்றேன். இந்த முறை தெரிந்தே சொன்னேன்.

குளுவாங் வரை ரயில். அங்கிருந்து பத்து பாகாட்டுக்கு மோட்டார் பஸ். நம் ஊர் பஸ் ஆள் நிரம்பினால் புறப்படும். இது ஆள் நிரம்பி, கோழிக் கூடை நிரம்பி, அன்னாசி நிரம்பிய பிறகு புறப்பட்டது. ஆயர் ஈத்தாம் தாண்டியதும் என்ஜின் கொதித்து நின்றுவிட்டது. சீன டிரைவர் ஆளுக்கொரு டின் கொடுத்து ஓடையிலிருந்து தண்ணீர் மொள்ளச் சொன்னான். இந்த வண்டிக்கு நம்மைவிடத் தாகம் அதிகம் என்று ஒரு மலாய்ப் பெரியவர் மலாயில் சொல்ல, பக்கத்தில் இருந்தவர் எனக்கு மொழிபெயர்த்தார். இங்கே மேற்பார்வைக்கு வழியில்லை. நானும் மொண்டேன்.

பெரிய பாலத்துக்கு முன்னால் சிவப்புத் தகரக் கூரை என்பது பெரியண்ணன் சொன்ன அடையாளம். அந்த ரோட்டில் தகரக் கூரை எல்லாமே துருப்பிடித்துச் சிவப்பாகத்தான் இருக்கிறது. நாலாவது கூரையில் அவளைக் கண்டுபிடித்தேன். முப்பது வயதிருக்கும், தென்னார்க்காட்டுப் பேச்சு. பால் வாளிகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். புருஷன் கப்பல் ஏறிப் போய்விட்டான் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். பாலோவில் இருக்கிறான் என்றதும் வாளியை வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்தாள். கால் எடுக்க வேண்டியிருக்குமா என்று கேட்டாள். சாமுவேல் தேவையில்லை என்கிறார் என்றேன். அப்புறம், அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்து, மனு விஷயத்தைச் சொன்னேன்.

"ஊருக்கா?" என்றாள். "யாரைக் கேட்டு எழுதினீங்க?"

"பெரியண்ணன் எல்லாத்துக்கும் சரின்னு சொன்னான்."

"அவரு துரைமாரு எதிர்ல எல்லாத்துக்கும் சரிம்பாரு. சீட்டுக் கிழிச்சப்பவும் சரின்னுதான் சொன்னாரு."

அவள் சொல்லி நான் அறிந்தது இது: இருவரும் வேறு வேறு சாதி. கப்பலில் வரும்போது பழக்கம். தோட்டத்து மாரியம்மன் கோயிலில் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டார்கள். இரண்டு ஊரிலும் இரண்டு குடும்பத்துக்கும் தெரியாது. தெரிந்தால் என்ன நடக்கும் என்பதை அவள் விளக்கவில்லை. தாலுகா கச்சேரியில் இருந்தவனுக்கு விளக்கத் தேவையில்லை. இங்கே அவளுக்கு வேலையும் ஒரு காம்பராவும் இருக்கின்றன. கால் ஆறினால் தவுக்கே அவனையும் களைவெட்டுக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். அவர்களுக்கு வேண்டியது கப்பல் அல்ல, மூன்று வாரம் காலுக்கு மருந்து. நான் அவர்களை ஊருக்கு அனுப்பிப் பிரித்து வைக்க முறைப்படி, பதினோரு பாராவில், ஏற்பாடு செய்திருந்தேன்.

அந்தச் "சரிங்க" எனக்குப் புதிதல்ல. முப்பத்திரண்டு வருஷம் என் மேஜைக்கு அந்தப் பக்கமிருந்து அதைக் கேட்டிருக்கிறேன். சம்மதம் என்றுதான் எப்போதும் எழுதியிருக்கிறேன். பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம் அப்படி எத்தனை எழுதினேன் என்ற கணக்கைத் தவிர வேறு எதையும் நினைக்கப் பார்த்தேன், முடியவில்லை.

அவள் தவுக்கேயிடம் பத்து நாள் விடுப்புக் கேட்டு என்னுடனேயே வந்தாள். விளக்கு வைக்கும் நேரத்துக்கு விறகுக் கொட்டகைக்குள் போனாள். நான் வாசலில் நின்றேன்.

"குளுவாங்குல இறங்கத் தெரியாதா உனக்கு?"

"தூங்கிட்டேன்."

"மூணு நாளாவா தூங்குன?"

கொஞ்ச நேரம் கழித்து அவள் வெளியே வந்து வெந்நீர் எங்கே என்று கேட்டாள். அன்று முதல் கால் கழுவும் வேலை என் கையிலிருந்து போயிற்று. போன பிறகு எனக்கு அது ஒரு குறையாகவே இருந்தது.

மனுவைத் திரும்பப் பெறக் கடிதம் எழுதினேன். அது போய்ச் சேருமுன் வெள்ளிக்கிழமை பதில் வந்துவிட்டது: கோரிக்கை ஏற்கப்பட்டது, பெயர் சேர்க்கப்பட்டது, இருவரும் சனிக்கிழமை குளுவாங் முகாமில் இலாகா துரை முன் ஆஜராகி, அன்றே கப்பலுக்குப் புறப்பட வேண்டும். நான் எழுதி இவ்வளவு சீக்கிரம் பலித்த மனு வேறு கிடையாது. ரூத் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். மறுநாள் காலை அவளே முதலில் ஜெபித்தாள்: "ஆண்டவரே, எங்க அண்ணன். ஆமென்." நான் அதே வீட்டில் இருந்ததால், பார்க்கப் போகும் சிரமம் அவளுக்கு இல்லை. இட்லியைக் கட்டிக் கையில் கொடுத்தாள்.

குளுவாங்கில் முகாம் ஒரு பள்ளிக்கூட வராந்தாவில் நடந்தது. வரிசையில் இருநூறு பேர் இருந்திருப்பார்கள். குழந்தை, மூட்டை, சட்டி பானை. நாங்கள் மூவரும் மூன்று மணி நேரம் நின்றோம். துரை இளைஞர், களைத்திருந்தார், மரியாதையாகத்தான் பேசினார். பக்கத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர். நான் மனு எழுதியவன் என்றும், அது தவறு என்றும் சொன்னேன். நீர் இவர்களுக்கு என்ன உறவு என்று கேட்டார். உறவில்லை என்றேன். அப்படியானால் உமது பேச்சுக்கு இங்கே இடமில்லை என்றார். அது சரியான விதி. நானே பலபேரை அதைச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

துரை பெரியண்ணனைப் பார்த்து ஒன்று சொன்னார். மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொன்னார்: இலவசக் கப்பல் இனிமேல் கிடைக்காது, இப்போதே போவது உனக்கு நல்லது, புரிகிறதா?

"சரிங்க" என்றான் பெரியண்ணன்.

மொழிபெயர்ப்பாளர் பேனாவை மையில் தோய்த்தார். சம்மதம் என்று எழுதப்போகிறார் என்பது எனக்குத் தெரியும். நானாக இருந்தால் இதற்குள் எழுதி முடித்திருப்பேன். என் பேச்சுக்கு இடமில்லை என்று உத்தரவான பிறகும் குரலை உயர்த்தினேன். "அதை எழுதாதீங்க. அது பயத்துல வர்ற வார்த்தை. அந்த அம்மாளைக் கேளுங்க."

மொழிபெயர்ப்பாளர் துரையைப் பார்த்தார். துரை அஞ்சலையைப் பார்த்துத் தலையசைத்தார்.

அவள் முன்னால் வந்தாள். "அவரு ஊர்ல நான் அவரு தெருவுக்குள்ள போக முடியாதுங்க. என் ஊருக்கு அவரு வந்தா உசுரோட திரும்ப மாட்டாரு. இங்க எங்களுக்கு ஒரே காம்பரா, ஒரே அடுப்பு. கப்பலு வேணாங்க."

மொழிபெயர்ப்பாளர் நம் பக்கத்து மனுஷர். அவள் சொன்னதை உடனே இங்கிலீஷில் சொல்லவில்லை. பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் ஊர்ச் சபைக் கோயிலில் இராப்போஜனப் பாத்திரம் சாதிப்படி எந்த வரிசையில் யாருக்குப் போகிறது என்பது எனக்கு நினைவு வந்தது. அவருக்கு என்ன நினைவு வந்ததோ தெரியாது. கடைசியில், "இங்கேயே இருக்க விரும்புகிறார்கள்" என்று மட்டும் சொன்னார். துரை பெரியண்ணனை நேராகப் பார்த்தார். அவன் இந்த முறை சரிங்க சொல்லவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "இருக்கோம்" என்றான். துரை இரண்டு பெயரையும் அடித்து ஓரத்தில் கையெழுத்திட்டார்.

பாலோ ரயிலுக்குக் கொஞ்ச நேரமே இருந்தது. கால் இன்னும் கட்டுத் துணிக்குள்தான் இருந்தது; சாமுவேலின் மருந்து பாக்கி. அவனால் ஓட முடியாது. அஞ்சலை தோளில் தாங்கி நடத்தி வந்தாள். "ஐயா, நீங்க முன்னால போங்க" என்று மூச்சு வாங்கச் சொன்னாள்.

நான் பிளாட்பாரத்துக்குப் போனபோது கார்டு பச்சைக் கொடியை எடுத்துவிட்டார். அவர்கள் ஸ்டேஷன் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெல்ல வந்துகொண்டிருந்தார்கள். மூன்றாம் வகுப்புப் பெட்டியின் கதவருகே, வண்டி புறப்படும்போது படியில் நிற்பதும் தாமதப்படுத்துவதும் குற்றம் என்று நாலு பாஷையில் எழுதியிருந்தது. எனக்கு அதில் இரண்டு பாஷை வாசிக்கத் தெரியும். இரண்டையும் வாசித்தேன்.

ஒரு காலைப் படியிலும் ஒரு காலைப் பிளாட்பாரத்திலும் வைத்துக்கொண்டு நின்றேன். கார்டு விசில் ஊதினார். மறுபடி ஊதினார். "ஏறுங்க, இல்லாட்டி இறங்குங்க" என்று கத்தினார்.

"இன்னும் ரெண்டு பேர் வரணும்" என்றேன்.